லோட்ஷென்டால் பள்ளத்தாக்கின் மர முகமூடிகள்: ஒரு மலைக்கிராம மரபைக் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லோட்ஷென்டால் எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் தெற்கே உள்ள வாலே மாநிலத்தில், பனி மூடிய சிகரங்களுக்கு நடுவே லோன்சா ஆறு அறுத்துக்கொண்டு வரும் பள்ளத்தாக்கு அது. கீழிருந்து மேலாக ஃபெர்டென், கிப்பெல், வீலர், பிளாட்டென் என நான்கு ஊராட்சிகள் அதில் உள்ளன. நான்கையும் சேர்த்தாலும் மக்கள்தொகை சுமார் 1500தான். மக்கள் ஜெர்மன் மொழியின் பழைமையான வட்டார வழக்கொன்றைப் பேசுகிறார்கள்; பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். 1913இல் லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கம் திறக்கப்படும்வரை, பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள மலையிடுக்கையும் உயரமான கணவாய்களையும் விட்டால் வெளியுலகத்துக்கு வழி கிடையாது. பனிச்சரிவு விழும் மாதங்களில் அந்த இடுக்கையும் நம்ப முடியாது. இந்தத் தனிமைதான் பழைய வழக்கங்களைக் காத்தது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அது பாதி உண்மை. வெளியார் வந்த பிறகு என்ன நடந்தது என்பதில்தான் மறுபாதி இருக்கிறது.

(மருந்துத் துறையில் இன்று உலகெங்கும் அறியப்படும் லோன்சா நிறுவனம் 1897இல் இந்தப் பள்ளத்தாக்கின் வாயிலில் உள்ள கம்பெல் என்ற ஊரில், இதே ஆற்றின் நீர்மின்சாரத்தை நம்பித் தொடங்கப்பட்டது. பெயரும் ஆற்றினுடையதே.)

செக்கெட்டா என்பவர் யார்?

குளிர்காலத்தின் கடைசியில், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய நாள்களில், மர முகமூடியும் ஆட்டுத்தோலும் அணிந்து ஊர்த்தெருக்களில் திரியும் உருவத்துக்கு அந்தப் பள்ளத்தாக்கில் செக்கெட்டா என்று பெயர். முகமூடிக்குள் இருப்பவர் பேசமாட்டார். உறுமுவார், இடுப்பில் கட்டிய மாட்டு மணியை அதிரச் செய்வார், எதிர்ப்படுபவரைத் துரத்திப் பிடித்துப் பனியில் புரட்டி முகத்தில் பனியைத் தேய்ப்பார். ஒரு காலத்தில் பனிக்குப் பதிலாகக் கரியும் தேய்த்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவர் பக்கத்து வீட்டுப் பையனாகவே இருக்கலாம், ஆனால் யார் என்று தெரியக்கூடாது. இந்த வழக்கத்தின் உயிர்நாடி அந்த மறைவுதான். மேடை, கதை, பாட்டு, வசனம் எதுவும் இதில் இல்லாததால், இதை ஒரு கலை நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் சற்றுத் திகைத்துப்போவார்கள்.

எந்த நாள்களில் நடக்கும்?

பிப்ரவரி 2ஆம் தேதி ஆண்டவர் காணிக்கை விழா. அதற்கு மறுநாள் தொடங்கி, தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை வரை செக்கெட்டாக்கள் வெளியே வரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்கூடாது. தொடக்க நாள் நிலையானது; முடிவு நாள் ஈஸ்டரைப் பொறுத்து நகரும். எனவே 2008இல் ஞாயிறு போக இரண்டே நாள்களில் முடிந்த காலம் 2025இல் மார்ச் 4 வரை ஒரு மாதம் நீண்டது. காலம் நீளும் ஆண்டுகளில் பையன்களுக்குக் கொண்டாட்டம். சிறு குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அவ்வளவு கொண்டாட்டம் இல்லை.

முன்பு நண்பகல் மணிக்குப் பின் தொடங்கி, மாலை மூவேளைச் செபத்துக்கான மணி அடித்ததும் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. இன்று இளைஞர்கள் பகலில் வேலைக்கோ பள்ளிக்கோ பள்ளத்தாக்கை விட்டு இறங்கிப்போய் மாலையில்தான் திரும்புகிறார்கள். ஆகவே கோயில் மணி எந்த நேரத்தோடு முடித்துவைத்ததோ, கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் இப்போது ஓட்டம் தொடங்குகிறது. காத்துவரப்படும் மரபு என்றால் எதுவும் மாறாதது என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு மாற்றத்தையாவது கவனிக்க வேண்டும். விதி தலைகீழானது, ஆனால் வழக்கம் நின்றுபோகவில்லை.

முகமூடியும் உடையும் எப்படித் தயாராகின்றன?

முகமூடிக்கு ஆர்வே என்று அழைக்கப்படும் மலைப் பைன் மரமே முதல் தேர்வு. மரங்கள் வளரும் உயர எல்லையை ஒட்டி மிக மெதுவாக வளரும் இந்த மரம் மென்மையானது, ரேகை சீரானது, உளிக்கு எளிதில் இணங்குவது, அறுக்கும்போதே பிசின் மணப்பது. அடிமரத் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வட்டமான பக்கத்தில் முகத்தையும் தட்டையான பக்கத்தில் குழிவையும் செதுக்குகிறார்கள். உள்ளே போதிய அளவு குடைந்தெடுக்காவிட்டால் மரம் காயும்போது நெற்றியிலிருந்து தாடைவரை வெடிப்பு ஓடிவிடும். முரட்டு வேலையைக் கோடரியாலோ, இன்றைக்குச் சங்கிலி ரம்பத்தாலோ முடித்துவிட்டு, உளியையும் கொட்டாப்புளியையும் கையில் எடுக்கிறார்கள். கோணல் மூக்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாத கண்கள், இழுபட்ட வாய் ஆகியவை வேண்டுமென்றே செய்யப்படுபவை. பற்களுக்கு மாட்டுப் பற்களைப் பதிப்பதும் உண்டு, மரத்திலேயே செதுக்குவதும் உண்டு. நிறத்துக்குப் பழைய நாளில் புகைக்கரியே போதுமானதாக இருந்தது. இன்று எண்ணெய் வண்ணங்களும் வந்துவிட்டன.

உடை எளிது. பழைய சட்டையையும் கால்சட்டையையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அணிந்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் செம்மறித் தோலையோ வெள்ளாட்டுத் தோலையோ தொங்கவிட்டு, தோல் வாரால் இறுக்கி, அந்த வாரிலேயே முதுகுப்பக்கம் மணியைக் கட்டுவார்கள். முகமூடியின் மேல்விளிம்பில் தைத்த தோல் தலையையும் தோளையும் மூடிவிடும். கையில் முரட்டுக் கம்பளி உறை. இவ்வளவையும் போட்டுக்கொண்டு செங்குத்தான பனித்தெருவில் ஓடுபவருக்குக் கண்துளை வழியாகத் தெரிவது ஒரு சாண் அகல உலகம்தான். பார்ப்பவர் பயப்படுகிறார், அணிந்தவரோ எங்கே வழுக்குமோ என்று பயப்படுகிறார்.

யார் வேண்டுமானாலும் அணியலாமா?

முன்பு அணியலாகாது. திருமணமாகாத ஆண்களுக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்களும் சிறுவர்களும். காதல் பேசுவதற்கு வேறு வழி குறைவாக இருந்த ஊரில், துரத்துவதும் துரத்தப்படுவதும் அதற்கான மறைமுக அனுமதியாகவும் இருந்தது. இன்று திருமணமானவர்கள், பெண்கள், பள்ளிச் சிறுவர்கள் எல்லோரும் அணிகிறார்கள்.

இதை ஒரு சலுகையாகப் பார்ப்பது தவறு என்பது என் கருத்து. சில நூறு பேர் வாழும் கிராமத்தில் மணமாகாத இளைஞர்களை மட்டும் நம்பியிருந்தால், ஏதோ ஓர் ஆண்டில் ஐந்தாறு பேர் படிப்புக்காகப் பெர்னுக்கோ சூரிக்குக்கோ போனதும் தெரு காலியாகிவிடும். உரிமையை விரிவாக்கியதால்தான் ஆள் கிடைக்கிறது. அதோடு, நேற்றுவரை துரத்தப்பட்ட பெண் இன்று முகமூடிக்குள் இருக்கக்கூடும் என்ற நிலை வந்ததும், உள்ளே யார் என்ற பழைய மர்மம் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இது கிறிஸ்தவத்துக்கு முந்திய சடங்கு என்கிறார்களே?

குளிர்கால ஆவிகளை விரட்டும் சடங்கு என்றும், பள்ளத்தாக்கின் நிழல்பக்கச் சரிவில் ஒளிந்திருந்து முகம் மறைத்து ஊருக்குள் கொள்ளையிட வந்த திருடர்களின் நினைவு என்றும் விளக்கங்கள் உண்டு. திருடர் கதையை ஊர்க்காரர்களே சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முகமூடிகளைச் சேகரித்தவர்களில் ஒருவரான பாசெல் நகர அறிஞர் லியோபோல்ட் ருட்டிமேயர், இவற்றில் மிகத் தொன்மையான நம்பிக்கைகளின் எச்சம் இருப்பதாகக் கருதினார். அக்காலத்து ஆய்வுப் போக்கு அப்படி. ஆனால் முகமூடி ஓட்டத்தைப் பற்றிக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகள் 19ஆம் நூற்றாண்டைத் தாண்டிப் பின்னே போவதில்லை. அதற்கு முன்பு இருந்ததா இல்லையா என்பதை வைத்துக்கொண்டு இந்த வழக்கத்தின் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. சுற்றுலாக் கையேடுகள்தான் அந்த ‘பல ஆயிரம் ஆண்டு’ என்ற சொல்லை விடமாட்டேன் என்கின்றன.

திருச்சபை இதை எதிர்த்ததா?

எதிர்த்தது. நெடுங்காலம் பள்ளத்தாக்கு முழுவதும் கிப்பெல் கோயிலை மையமாகக் கொண்ட ஒரே திருச்சபைப் பங்காக இருந்தது. அங்கிருந்த பங்குத்தந்தையின் சொல் நான்கு ஊர்களிலும் செல்லும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகமூடி ஓட்டத்துக்குத் தடையும் வந்தது. மூர்க்கம், குடி, பெண்களிடம் வரம்பு மீறல் ஆகியவை அவர்களுக்குக் கவலை தந்தன. அந்தக் கவலை முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. தடை நிலைக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. திருச்சபை நாள்காட்டியைத் தவிர இந்த வழக்கத்துக்கு வேறு கால அட்டவணை இல்லை. தொடங்குவது ஒரு திருநாளை ஒட்டி, முடிவது தவக்காலத்தின் வாசலில், ஓய்வு ஞாயிற்றுக்கிழமை. தன்னை எதிர்த்த அமைப்பின் விதிகளுக்குள்ளேயே தனக்கான இடத்தை அது வகுத்துக்கொண்டது.

அந்தப் பள்ளத்தாக்கில் இது ஒன்றுதான் மரபா?

இல்லை. செக்கெட்டா வெளியூர்க்காரர்களின் கண்ணைப் பறிப்பதால் மற்றவை மறைந்துபோகின்றன.

கோடையின் தொடக்கத்தில் நற்கருணைப் பெருவிழாவன்றும் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும், ‘ஆண்டவரின் கிரனேடியர்கள்’ என்று அழைக்கப்படும் ஆண்கள் பழைய போர்வீரர் சீருடையில், கொடியோடும் பித்தளை வாத்தியக் குழுவோடும், நற்கருணையைத் தாங்கும் கதிர்ப்பாத்திரத்துக்குத் துணையாகப் பவனி வருவார்கள். ஏழை மலைக்கிராமங்களின் இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அந்நிய அரசர்களின் படைகளில் கூலிக்குச் சேவகம் செய்தார்கள். நேப்பிள்ஸ் அரசரின் படையில் சுவிஸ் படைப்பிரிவுகள் 1859 வரை இருந்தன. அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் கொண்டுவந்த சிவப்பு மேல்சட்டைதான் பவனி உடையாயிற்று. பிழைப்புக்காகப் பிறர் நாட்டுப் போரில் சண்டையிடப் போனதன் அடையாளம், ஊருக்குத் திரும்பியதும் இறைவன் முன் அணியும் உடையாகிவிட்டது. இந்தப் பள்ளத்தாக்கின் வரலாற்றை ஒரே காட்சியில் சொல்லும் நிகழ்வு எது என்று கேட்டால், முகமூடியைவிட இதையே நான் சுட்டிக்காட்டுவேன்.

ஃபெர்டெனில் ஈஸ்டர் திங்களன்று நடக்கும் தானம் இன்னொன்று. மலைமேய்ச்சல் நிலங்களில் கோடையில் கறந்த பாலின் ஒரு பங்கைக் கொண்டு செய்து பக்குவப்படுத்திய மோர்ப்பாலாடைக் கட்டியையும், ரொட்டியையும், திராட்சை மதுவையும் பகிர்ந்தளிப்பார்கள். வேடிக்கை பார்க்க அதில் அதிகம் இல்லை. அதனாலோ என்னவோ அது அமைதியாகத் தொடர்கிறது.

சுற்றுலா இந்த வழக்கத்தைக் கெடுத்ததா, காப்பாற்றியதா?

இரண்டும் நடந்தன. இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

ரயில் வருவதற்கு முன்பு முகமூடி என்பது ஒரு பருவத்துக்கான பொருள். அதைச் செய்தவரே அணிவார், அல்லது தம்பிக்குக் கொடுப்பார். உடைந்தால் அடுப்புக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நகரத்து அறிஞர்களும் ஓவியர்களும் அருங்காட்சியக முகவர்களும் அவற்றை விலைக்குக் கேட்கத் தொடங்கினார்கள். சூரிக்கின் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க, ஆசியக் கலைப்பொருள்களோடு லோட்ஷென்டால் முகமூடிகளும் இன்று இருப்பதற்கு அந்த ஆர்வமே காரணம். அடுப்புக்குப் போக வேண்டியது கண்ணாடிப் பேழைக்குப் போயிற்று. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வாங்குபவர் வந்ததும் பொருளும் மாறியது. பழைய முகமூடிகளில் பல, மனித முகத்தின் அளவை ஒட்டியவை, அமைதியான அச்சம் தருபவை. சந்தைக்கென்று செதுக்கியவை பெரிதாகின, பற்கள் நீண்டன, முகம் மேலும் கோரமாயிற்று. சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட, யாரும் ஒருநாளும் அணியாத முகமூடிகள் வந்தன. கைப்பிடி அளவு நினைவுப்பொருள்களும் வந்தன. அவற்றை விற்று வந்த காசு குளிர்காலத்தில் வேறு வருமானமில்லாத வீடுகளில் அடுப்பெரியச் செய்தது என்பதை, ‘வணிகமயமாதல்’ என்று முகம் சுளிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். வாங்க ஆள் இருந்ததால்தான் செதுக்கும் கை தலைமுறைகளுக்கு நடுவே ஓயாமல் இருந்தது. அந்தக் கை இல்லையென்றால் இன்று தெருவில் ஓடுவதற்கும் முகமூடி இருக்காது.

நிகழ்வுகளிலும் இதே கதைதான். தவக்காலத்துக்கு முந்திய வியாழன் மாலை, 2025 பேரழிவுக்கு முன்புவரை பிளாட்டெனிலிருந்து ஃபெர்டென் வரை கூட்டமாக இறங்கிவந்த ஓட்டமும், சனிக்கிழமை வீலரில் நடக்கும் ஊர்வலமும் பிற்காலத்தில் அமைந்தவை. அவற்றுக்கு நேரம் உண்டு, தடம் உண்டு, பார்வையாளர் நிற்க இடம் உண்டு, முகமூடிகளுக்குப் பரிசும் உண்டு. மற்ற மாலைகளில் நடப்பவற்றுக்கு இவை எதுவும் கிடையாது. திடீரென்று தெருமுனையில் மணி ஒலிக்கும், கதவுகள் மூடப்படும், யாரோ ஓடுவார்கள், அவ்வளவுதான். ஊர்வலம் வெளியாருக்கு, வெறுந்தெரு ஊருக்கு என்று தாமாகவே ஒரு பங்கீட்டைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊர்வலம் எவ்வளவு பெரிதானாலும் ஆபத்தில்லை. அறிவிப்பில்லாத அந்த மாலைகள் குறைந்து, ஊர்வலம் மட்டும் மிஞ்சும் ஆண்டில்தான் கவலைப்பட வேண்டும்.

முகமூடிகளில் புதுப்பாணி கூடாது என்று தடுக்க வேண்டாமா?

திகில் படத்துப் பேய்களின் சாயல் கொண்ட முகமூடிகள் வந்துவிட்டன என்று ஊர்ப் பெரியவர்களில் சிலர் குறைப்படுவதுண்டு. குறை நியாயம்தான். ஆனால் பழைய வடிவம் என்று எதைச் சட்டமாக்குவது? 1900ஐ ஒட்டிச் சேகரித்தவர்கள் எதை எடுத்துப்போனார்களோ அதுவே ‘அசல்’ என்று ஆகிவிட்டது. அவர்கள் வராமல் விட்ட ஆண்டுகளில் என்ன அணிந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பதினாறு வயதுப் பையனுக்குத் தன் முகமூடியைத் தானே கற்பனை செய்யும் உரிமை இல்லையென்றால் அவன் உளியைத் தொடமாட்டான். மரமும் தோலும் மணியும் மட்டும் இருந்தால் போதும். ரப்பர் முகமூடியை வாங்கி மாட்டிக்கொண்டு வருவது கூடாது என்ற அளவில் கோடு போடுவதே சரி என்று எனக்குப் படுகிறது.

அருங்காட்சியகம் என்ன செய்கிறது?

கிப்பெலில் 1982இல் லோட்ஷென்டால் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. முகமூடிகளோடு வீட்டுப் பொருள்கள், உடைகள், வேளாண் கருவிகள், புகைப்படங்கள் ஆகியவையும் அங்கே உள்ளன. 1920களில் கிப்பெலில் குடியேறி 1969இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த ஓவியர் ஆல்பர்ட் நைஃபெலர் எடுத்த படங்கள், பள்ளத்தாக்கின் பழைய அன்றாடத்தை அறிய நமக்குக் கிடைத்துள்ள முக்கியமான சான்று. வெளியிலிருந்து வந்தவர் என்பதால் உள்ளூர்க்காரர் கவனிக்காததை அவர் கவனித்தார். அங்கேயே தங்கிவிட்டதால் சுற்றுலாப் பயணி பார்க்காததையும் பார்த்தார்.

பாதுகாப்பு வேலையின் பெரும்பகுதி அலுப்பானது. மரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், விட்டுச் சுருங்கும்; ஈரப்பதம் ஏறி இறங்கினால் வெடிக்கும். தோலிலும் ரோமத்திலும் அந்துப்பூச்சி ஏறும். எனவே சீரான ஈரப்பதம், மங்கலான வெளிச்சம், ஓயாத பூச்சிக் கண்காணிப்பு ஆகியவை வேண்டும். இதைவிட அவசரமானது ஒவ்வொரு பொருளுக்கும் அதன் கதையை எழுதிவைப்பது: யார் செதுக்கினார், யார் அணிந்தார், எந்த வீட்டிலிருந்து வந்தது என்பன. இந்த விவரம் இல்லாத முகமூடி ஓர் அழகான மரத்துண்டு மட்டுமே. அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே, அவர்களுடைய வட்டார வழக்கிலேயே பதிவுசெய்ய வேண்டும்.

காணொளியாகப் பதிவுசெய்து வைத்தால் போதாதா?

ஓட்டத்தைக் காணொளி காட்டும். மணியை எவ்வளவு தளர்வாகக் கட்டினால் ஓசை சரியாக வரும், எந்த வீட்டுக் கிழவியை அன்போடு மட்டும் சீண்டலாம், எந்தக் குழந்தை உண்மையாகவே மிரண்டால் உடனே விலகிவிட வேண்டும் என்பவற்றை அது காட்டாது. இவற்றை அண்ணனோடு சேர்ந்து ஓடித்தான் தம்பி கற்றுக்கொள்கிறான். பதிவு வேண்டாம் என்பதில்லை. அது ஆய்வாளருக்கும், ஊரை விட்டுப் போனவருக்கும், பிற்காலத்தில் மீட்டெடுக்க நினைப்பவருக்கும் பயன்படும். செலவுக்கான பணம் அளவானது என்றால் முதலில் படப்பிடிப்புக்கா, பிள்ளைகளுக்கான செதுக்கல் வகுப்புக்கா என்று கேட்டால், நான் வகுப்புக்கே கொடுப்பேன்.

அரசும் யுனெஸ்கோவும் உதவுகின்றனவா?

அருவப் பண்பாட்டு மரபுகளைக் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சுவிட்சர்லாந்து 2008இல் ஏற்றது. அதன்படி நடுவண் அரசின் பண்பாட்டு அலுவலகம் மாநிலங்களோடு சேர்ந்து ‘வாழும் மரபுகள்’ என்ற தேசியப் பட்டியலை 2012இல் வெளியிட்டது. செக்கெட்டாவும் கிரனேடியர் பவனியும் அதில் உள்ளன. யுனெஸ்கோவின் உலகப் பட்டியல் வேறு. அதில் 2018இல் ஆஸ்திரியாவோடு இணைந்து பனிச்சரிவு அபாயத்தைக் கையாளும் அறிவும், 2023இல் மலைமேய்ச்சல் பருவமும் சுவிட்சர்லாந்தின் சார்பில் சேர்க்கப்பட்டன. பனிச்சரிவை முன்கூட்டி உணரும் அறிவு ஒரு பண்பாட்டுச் சொத்து என்று ஏற்கப்பட்டது எனக்குப் பிடித்த செய்தி, ஏனென்றால் இப்படிப்பட்ட ஊர்களில் திருவிழாவுக்கு ஆள் மிஞ்சியிருப்பதே அந்த அறிவால்தான்.

பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வழக்கம் நடந்துவிடாது. ஆனால் மானியம் கேட்கும் ஊருக்கும், பள்ளிப் பாடத்தில் சேர்க்க நினைக்கும் ஆசிரியருக்கும் அது ஒரு பிடிமானம்.

மற்ற மலைக்கிராமங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

கிழக்கே அப்பென்செல் பகுதியில் உள்ள உர்னேஷ் என்ற ஊரைச் சொல்லலாம். அங்கே புத்தாண்டு முகமூடிக் குழுக்கள் டிசம்பர் 31இலும், பழைய ஜூலியன் நாள்காட்டியின் புத்தாண்டுக்கு ஒத்த ஜனவரி 13இலும், ஆக இரண்டு முறை வருகின்றன. போப்பாண்டவர் 1582இல் திருத்திய நாள்காட்டியை அந்தச் சீர்திருத்தச் சபைப் பகுதி நெடுங்காலம் ஏற்க மறுத்ததன் மிச்சம் இது. தலையில் சுமக்கும் பெரிய அணிகளில் கிராம வாழ்க்கைக் காட்சிகளைச் சிறு பொம்மைகளாகச் செதுக்கி வைப்பார்கள். பண்ணை வீடு பண்ணை வீடாகப் போய், மணியொலித்து, சொற்களில்லாத பாட்டை மெல்லிய குரலில் பாடி, வாழ்த்துச் சொல்லி நகர்வார்கள். பார்க்க எத்தனை பேர் திரண்டாலும் அவர்கள் போவது பண்ணைக்காரர்களின் வாசலுக்குத்தான். அந்த வருகை யாருக்காக என்பதில் குழப்பமே இல்லாததால், கூட்டம் அதைப் பெரிதாகக் கெடுக்கவில்லை.

2025 பேரழிவுக்குப் பிறகு பிளாட்டெனின் மரபுகள் என்ன ஆகும்?

2025 மே மாதம், பிளாட்டெனுக்கு மேலே உள்ள க்ளைனெஸ் நெஸ்ட்ஹோர்ன் சிகரத்திலிருந்து பாறைகள் சரிந்து பிர்ஷ் பனியாற்றின்மேல் குவிந்தன. அபாயத்தை உணர்ந்து மே 19 அன்று சுமார் 300 பேரையும் கால்நடைகளையும் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். மே 28 அன்று பனியாறு பாறைச் சுமையோடு இடிந்து விழுந்து ஊரின் மிகப் பெரும்பகுதியைப் புதைத்தது; லோன்சா ஆறு அடைபட்டுத் தேங்கி, எஞ்சிய வீடுகளில் பலவற்றையும் மூழ்கடித்தது. ஒருவர் உயிரிழந்தார். ஊர்க்கோயிலும் போயிற்று.

மரபு என்று பார்த்தால் இழப்பு பல அடுக்குகளில் இருக்கிறது. தலைமுறைகளாக வெயிலில் கறுத்துப்போன மரவீடுகளும் தானியக் களஞ்சியங்களும் போயின. பரணில் தோலும் மணியும் வைத்திருந்த வீடுகளே போயின. வியாழன் ஓட்டம் தொடங்கிய தெருவும் புதைந்தது. செக்கெட்டா வழக்கம் முழுவதும் ஓர் ஊரின் சந்துகளையும், யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார் என்ற அறிவையும் நம்பி நிற்பது என்பதால், இடத்தின் இழப்பு இங்கே அலங்கார இழப்பு அல்ல.

ஆயினும் மக்கள் பிழைத்தார்கள், அவர்களில் பலர் அதே பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களில் தங்கினார்கள். ஊரைத் திரும்பக் கட்டுவோம் என்று ஊராட்சி உடனே அறிவித்தது. பக்கத்து ஊரான வீலர் 1900இல் தீயில் ஏறக்குறைய முழுவதும் எரிந்து, திரும்பக் கட்டப்பட்ட ஊர். இன்று ஊர்வலம் நடப்பதே அங்கேதான். நான்கு ஊர்களுக்கும் வழக்கம் பொதுவானது என்பது இப்போது பெரிய ஆதாயம். ஓர் ஊரின் பையனுக்கு மறு ஊரில் தோலும் மணியும் கிடைக்கும். கட்டடக் கலைஞர்கள் புதிய பிளாட்டெனைத் திட்டமிடும்போது, அகலமான சாலைகளும் வாகன நிறுத்தமும் கேட்கப்படும் அளவுக்கு, குறுகிய சந்துகளும் திடீர்த் திருப்பங்களும் கேட்கப்படுமா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாமா?

தாராளமாகப் போகலாம். பெர்னிலிருந்து பழைய லோட்ஷ்பெர்க் மலைப்பாதை ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கோப்பென்ஷ்டைன் நிலையத்தை அடைந்து, அங்கிருந்து மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் மேலே போகலாம். 2007இல் திறந்த அடிமட்டச் சுரங்கம் வழியாகப் போகும் விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை என்பதால், ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகள் இருந்தால் சனிக்கிழமை ஊர்வலமே பொருத்தம். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; அருங்காட்சியகம் திறந்திருந்தால் முகமூடிகளை முதலில் அங்கே அமைதியாகக் காட்டிவிட்டால் பயம் பாதியாகக் குறையும். மாலைத் தெருவுக்குப் போகும் பெரியவர்கள் நல்ல உடை அணியாதீர்கள், கண்ணாடி அணிந்தவர்கள் அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். பிடிபட்டால் பனி தேய்க்கப்படும். திமிறினால் இன்னும் கொஞ்சம் தேய்க்கப்படும். முகமூடியைப் பிடித்து இழுக்கக்கூடாது, உள்ளே யார் என்று கேட்கக்கூடாது, முகத்துக்கு நேரே மின்னொளி போட்டுப் படமெடுக்கக்கூடாது. கண்துளை வழியாகப் பார்ப்பவருக்கு அந்த ஒளி பட்டால் படியில் இடறி விழுவார்.

2027இல் காலம் பிப்ரவரி 9 அன்றே முடிந்துவிடுவதால் ஞாயிறு போக ஆறு நாள் அவகாசம்தான் இருக்கும். வியாழன் ஓட்டத்தின் தடம் நிலச்சரிவுக்குப் பின் சாலை நிலையைப் பொறுத்தது என்பதால், புறப்படுவதற்கு முன் பள்ளத்தாக்கின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.